இரவு டியூட்டியில் எத்தனை பேர்?

முதியோர் இல்லங்களின் அறைகளை ஒப்பிடுகிறோம், சாப்பாட்டை ஒப்பிடுகிறோம். பராமரிப்பை ஒப்பிடுவது எப்படி? அமெரிக்காவின் நாற்பதாண்டு அனுபவம் நமக்குச் சொல்வது என்ன?

பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்க்கலாமா, கூடாதா? பட்டிமன்றம் தொடங்கி டி.வி. சீரியல் வரை தமிழ்நாடு ஓயாமல் பேசியிருக்கும் கேள்வி இது. அதற்கு அடுத்த கேள்வியை மட்டும் யாரும் பேசுவதில்லை. சேர்ப்பது என்று முடிவாகிவிட்டால், எந்த இல்லத்தில்?

படுத்த படுக்கையான அம்மாவைத் தூக்கித் திருப்ப ஆள் கிடைக்காமல் வேலையை விட்டுவிட்ட மகள் இருக்கிறாள். மறதி நோயால் நள்ளிரவில் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிடும் அப்பாவை வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் அல்லாடும் மகன் இருக்கிறான். இவர்களுக்கு இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஆனால், ஊர் என்ன சொல்லுமோ என்ற கூச்சத்தில் அதை உரக்கக் கேட்கத் தயங்குகிறார்கள். தெரிந்தவர் சொன்ன ஒரு பெயர், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோ, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்த அரை மணி நேரம். பெரும்பாலான குடும்பங்கள் இவற்றை வைத்தே முடிவெடுத்துவிடுகின்றன.

எங்கோ சில வீடுகளின் சங்கடமாக இதை ஒதுக்கிவிட முடியாது. மக்கள்தொகை மதிப்பீட்டின்படி, 2021-ல் தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவிகிதம் பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். 2031-ல் இது 18.2 சதவிகிதமாக உயரும். வீட்டுக்கு ஒரு பிள்ளை, மிஞ்சினால் இரண்டு. அவர்களும் பெங்களூரிலோ டெக்சாஸிலோ இருக்கிறார்கள். கோவையைச் சுற்றியும் சென்னைப் புறநகரிலும் முதியோர் குடியிருப்புகளும் ‘அசிஸ்டட் லிவிங்’ பலகைகளும் பெருகி வருகின்றன. பலகையில் ‘24 மணி நேர நர்ஸிங் வசதி’ என்று எழுதியிருக்கும். அந்த வரிக்குப் பின்னால் எத்தனை நர்ஸ், எத்தனை ஆயா என்று அறிந்துகொள்ளத்தான் குடும்பங்களுக்கு வழியில்லை.

அதை அளக்கவும் ஒப்பிடவும் ஊரறிய வெளியிடவும் நீண்ட காலமாக முயன்று வரும் நாடு அமெரிக்கா. அந்த முயற்சியின் வெற்றியிலிருந்தும் தோல்வியிலிருந்தும் நாம் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

நட்சத்திரம் வந்த கதை

அமெரிக்காவில் சுமார் 15,000 பராமரிப்பு இல்லங்களில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் செலவை மெடிக்கெய்ட் என்ற அரசுத் திட்டம் ஏற்கிறது. அரசுப் பணம் போகும் இடங்களில் முதியவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்ற கேள்வி எழுந்து, 1986-ல் அந்நாட்டின் மருத்துவ அறிஞர்கள் அமைப்பு ஒன்று விரிவான அறிக்கை தந்தது. அதன் அடிப்படையில் 1987 டிசம்பரில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம், முதியோர் பராமரிப்பின் இலக்கணத்தையே மாற்றியது.

ஒவ்வொருவரின் உடல்நிலையையும் முறையாக மதிப்பிட்டு அவரவருக்குத் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும். வசதிக்காக யாரையும் கட்டிப்போடக் கூடாது. அதிகபட்சம் 15 மாத இடைவெளிக்குள், முன்கூட்டிச் சொல்லாமல் ஆய்வாளர்கள் வந்து பார்க்க வேண்டும். இவை அந்தச் சட்டத்தின் முக்கிய விதிகள். அன்று முதியவர்களைக் கட்டிலோடும் நாற்காலியோடும் கட்டிவைப்பது சகஜம். 1980-களின் இறுதியில் பத்தில் நால்வர் வரை அப்படித்தான் கிடந்தார்கள். இன்று அது அரிதாகிவிட்டது. ஆய்வாளர் வருவார், எழுதுவார், அபராதம் விதிப்பார் என்ற நிலை வந்ததும் பழக்கம் மாறியது.

ஆய்வு அறிக்கைகளைப் பொதுமக்களும் பார்க்கும்படி 1998-ல் அரசு ஓர் இணையதளம் தொடங்கியது. 2008 டிசம்பரில் ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் தரும் முறை வந்தது. நேரடி ஆய்வு, ஊழியர் எண்ணிக்கை, பராமரிப்பின் விளைவுகள் என மூன்றைச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். இவற்றில் அடித்தளம் நேரடி ஆய்வுதான். ஒரு மாநிலத்தில் ஆய்வில் முதலில் நிற்கும் 10 சதவிகித இல்லங்களுக்கு ஐந்து நட்சத்திரம், கடைசி 20 சதவிகிதத்துக்கு ஒன்று, நடுவில் உள்ளவற்றுக்கு இரண்டு முதல் நான்கு வரை. மற்ற இரண்டும் இதில் கூட்டவோ குறைக்கவோ செய்யும். முதியவர் கொடுமைப்படுத்தப்பட்டது ஆய்வில் உறுதியான இல்லங்களின் பெயருக்குப் பக்கத்தில், 2019 முதல் சிவப்பு நிறத்தில் கை அடையாளம் ஒன்றும் போடுகிறார்கள்.

மக்கள் இதைப் பயன்படுத்தினார்களா? பயன்படுத்தினார்கள். நட்சத்திர முறை வந்தபின் ஒற்றை நட்சத்திர இல்லங்களில் சேருவோரின் பங்கு சுமார் 8 சதவிகிதம் சரிந்ததாகவும், ஐந்து நட்சத்திர இல்லங்களில் 6 சதவிகிதத்துக்கு மேல் கூடியதாகவும் ஓர் ஆய்வு சொல்கிறது. ஒப்பிட வழி கிடைத்தால் குடும்பங்கள் ஒப்பிடத்தான் செய்கின்றன.

நட்சத்திரம் பொய் சொன்ன இடங்கள்

நட்சத்திரத்தால் வருமானம் கூடும் என்றானதும் நட்சத்திரத்தைக் கூட்டிக்கொள்ளும் வழிகளும் வந்துவிட்டன. எங்கே ஓட்டை விழுந்தது என்று பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். இல்லம் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொடுத்த கணக்குகளில்தான் பொய் புகுந்தது.

ஊழியர் எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். ஆரம்ப ஆண்டுகளில், ஆய்வு நடக்கும் சமயத்தை ஒட்டிய இரண்டு வாரக் கணக்கை இல்லங்களே எழுதிக்கொடுத்தன. 2016-ல் இது மாறியது. யார், எந்த நாளில், எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார் என்பதைச் சம்பளப் பதிவேட்டிலிருந்தே அனுப்ப வேண்டும் என்று விதி வந்தது. அந்தத் தரவை 2018-ல் கைசர் ஹெல்த் நியூஸ் என்ற செய்தி நிறுவனம் அலசியபோது, பத்தில் ஏழு இல்லங்களில் முன்பு சொன்னதைவிட ஆட்கள் குறைவு என்று தெரிந்தது. சராசரியாக 12 சதவிகிதம் குறைவு. சனி, ஞாயிறுகளில் நிலைமை இன்னும் மோசம். மற்ற நாள்களைவிட நர்ஸுகள் 11 சதவிகிதமும் உதவியாளர்கள் 8 சதவிகிதமும் குறைந்தார்கள்.

கீழே விழுந்து எலும்பு முறிந்தவர்களின் கணக்கும் இப்படித்தான். பலத்த காயத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்களின் பில்களை, இல்லங்கள் தாங்களாக அரசுக்குத் தெரிவித்த கணக்கோடு ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டார்கள். 2020-ல் வெளியான அந்த ஆய்வின்படி, இல்லங்கள் தெரிவித்தது 57.5 சதவிகிதத்தை மட்டுமே. மீதி விழுதல்கள் நடக்காதவை போலவே ஆகிவிட்டன.

மருந்து விஷயம் இன்னும் வேதனை தருவது. மறதி நோயால் கத்துகிற, அலைகிற முதியவரை அடக்கிவைக்க மனநோய்க்கான மாத்திரைகளைக் கொடுப்பது பல இல்லங்களின் குறுக்குவழி. மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இவை மரண ஆபத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே கடுமையாக எச்சரித்தது. எத்தனை பேருக்கு இந்த மாத்திரை கொடுக்கப்படுகிறது என்பதையும் அரசு கணக்கில் சேர்த்தது. ஆனால், ‘ஸ்கிஸோஃப்ரீனியா’ என்ற மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. விளைவு என்ன தெரியுமா? 2021-ல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட புலனாய்வின்படி, இல்லவாசிகளில் ஒன்பதில் ஒருவருக்கு மனச்சிதைவு இருப்பதாகப் பதிவாகியிருந்தது. பொதுமக்களிடம் அது 150-ல் ஒருவருக்குத்தான் வரும். காலமெல்லாம் மனநலத்தோடு வாழ்ந்த ஒருவருக்கு எண்பது வயதில், ஒரு நட்சத்திரத்துக்காக, இல்லாத நோயை எழுதிவைப்பது எத்தகைய அநீதி! 2023-ல் அரசு இந்தப் பதிவுகளைத் தணிக்கை செய்யத் தொடங்கியது.

இவ்வளவுக்கும் பிறகு நம்பத்தக்கவையாக மிஞ்சியவை மூன்று. ஒன்று, சம்பளப் பதிவேடு. இரண்டு, ஆஸ்பத்திரி பில். மூன்று, சொல்லாமல் வரும் ஆய்வாளரின் கண். மூன்றுமே இல்லம் தன் இஷ்டத்துக்கு எளிதில் மாற்றி எழுத முடியாத சாட்சிகள்.

ஆட்களின் கணக்கு

முதியோர் பராமரிப்பில் தரம் என்பதைப் பிட்டுப் பிட்டு வைத்தால் கடைசியில் நிற்பது ஆட்களும் அவர்கள் தரும் நேரமும்தான். தானாகப் புரண்டு படுக்க முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பது செவிலியர் பயிற்சியில் காலங்காலமாகச் சொல்லித்தரப்படும் பாடம். தவறினால் இடுப்பின் பின்புறத்திலும் குதிகாலிலும் ரத்த ஓட்டம் தடைபட்டுத் தோல் சிவக்கும். பிறகு புண்ணாகும். கவனிக்காவிட்டால் எலும்பு தெரியுமளவுக்கு ஆழமாகும். பக்கவாதம் வந்தவருக்கு ஊட்டிவிட அரை மணி நேரமாவது ஆகும். அவசரப்பட்டு வாயில் திணித்தால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவில் முடியும். கேட்டுக் குடிக்கத் தெரியாதவருக்கு நேரத்துக்குத் தண்ணீர் கொடுக்காவிட்டால் நீர்ச்சத்து வற்றும், மூத்திரத் தொற்று வரும், புத்தி தடுமாறும். பாத்ரூம் போக உதவிக்குக் கூப்பிட்டு, யாரும் வராததால் தானே எழுந்து நடந்து விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர்கள் ஏராளம்.

ஓர் இரவைக் கணக்கிட்டுப் பாருங்கள். படுத்த படுக்கையாக 15 பேர், டியூட்டியில் ஒரே ஆயா. ஒருவரைத் திருப்பிப் படுக்கவைத்து, ஈரம் பார்த்து, டயப்பர் மாற்றப் பத்து நிமிடம் என்றே வைப்போம். 15 பேருக்கு 150 நிமிடம். இரண்டு மணி நேரம் என்பது 120 நிமிடம். அந்த ஆயா எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், ஒரு நிமிடம்கூட உட்காராமல் உழைத்தாலும் இந்தக் கணக்கு உதைக்கும். யாரோ ஒருவருக்குப் புண் வந்தே தீரும். அதற்குக் காரணம் ஆயாவின் அலட்சியம் என்று சொல்லிவிட்டு நிர்வாகம் நகர்ந்துவிட அனுமதிக்கக் கூடாது.

எத்தனை ஆட்கள் போதும்? 2001-ல் அமெரிக்க அரசுக்காக நடந்த விரிவான ஆய்வு ஒன்று, ஒரு முதியவருக்கு நாளொன்றுக்கு மொத்தம் 4.1 மணி நேரக் கவனிப்பு தேவை, அதற்குக் கீழே போனால் பாதிப்புகள் கூடுகின்றன என்றது. இதில் 2.8 மணி நேரம் உதவியாளர்களுடையது, 1.3 மணி நேரம் நர்ஸுகளுடையது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், 30 முதியவர்கள் உள்ள இல்லத்தில் 12 மணி நேர டியூட்டி பார்க்கும் ஆயாக்கள் நாளொன்றுக்கு ஏழு பேர் வேண்டும். பகலில் நால்வர், இரவில் மூவர் என்று வைத்துக்கொள்ளலாம். அதோடு பகலும் இரவுமாகச் சேர்த்து நர்ஸுகள் மூவருக்குச் சற்றுக் கூடுதலாகவே வேண்டும். எழுந்து நடமாடுகிறவர்களே அதிகம் உள்ள இல்லத்தில் இதைவிடக் குறைவாகவும் சமாளிக்கலாம். ஆனாலும், ஓர் இல்லத்துக்குள் போகும்போது கையில் வைத்திருக்க வேண்டிய அளவுகோல் இது.

எண்ணிக்கைக்கு அடுத்தது நிலைத்தன்மை. அமெரிக்க இல்லங்களில் செவிலியர், உதவியாளர்களில் ஓராண்டில் வேலையை விட்டுப் போகிறவர்களின் விகிதம் சராசரியாக 128 சதவிகிதம் என்று 2021-ல் ஓர் ஆய்வு கண்டறிந்தது. ஒரே வேலைக்கு ஓராண்டுக்குள் ஒருவருக்கு மேல் வந்து போகிறார்கள் என்று பொருள். இந்த அம்மாவுக்கு இடது காது கேட்காது, இந்த ஐயாவுக்கு வலித்தால் சொல்லத் தெரியாது, முகம் சுளிப்பார் என்பதெல்லாம் பல மாதம் கூடவே இருந்தவருக்குத்தான் தெரியும். அதனால் 2022 முதல், வேலையை விட்டுப் போகிறவர்களின் விகிதமும் வார இறுதி ஆள் கணக்கும் நட்சத்திரத்தில் சேர்ந்தன.

யார் நடத்துகிறார்கள் என்பதும் ஆட்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. 82 ஆய்வுகளைத் தொகுத்து 2009-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த அலசலில், 40 ஆய்வுகள் லாப நோக்கமற்ற இல்லங்களுக்கே சாதகமாக இருந்தன. லாப நோக்குள்ள இல்லங்களுக்குச் சாதகமானவை மூன்றுதான். மீதியில் முடிவு கலவையாக இருந்தது. முதலீட்டு நிதி நிறுவனங்கள் வாங்கிய இல்லங்களில் குறுகிய காலப் பராமரிப்புக்கு வந்தவர்களின் இறப்பு சுமார் 10 சதவிகிதம் கூடியதாகவும், நேரடியாகக் கவனிக்கும் ஊழியர்கள் குறைந்ததாகவும் 2021-ல் பொருளாதார அறிஞர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

இவ்வளவு தெரிந்தும் ஆள் கணக்கைச் சட்டமாக்குவது அங்கே எளிதாக நடக்கவில்லை. நாளொன்றுக்குக் குறைந்தது 3.48 மணி நேரம் என்று 2024-ல் அரசு விதி கொண்டுவந்தது. ஆள் கிடைக்காது, செலவு தாங்காது என்று இல்ல உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். 2025-ல் டெக்சாஸ் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே ஆண்டு வந்த சட்டம், 2034 வரை அதை அமல்படுத்தவும் தடை போட்டது. தரத்தை அளப்பது ஒரு வேலை, அளந்ததைக் கட்டாயமாக்குவது இன்னொரு போராட்டம்.

நம்மிடம் என்ன இருக்கிறது?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் வந்தது. பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்க உரிமை தரும் சட்டம் என்றே பலருக்கும் இது தெரியும். ஆதரவற்ற முதியோருக்காக மாவட்டத்துக்கு ஒன்றேனும், 150 பேர் தங்கும்படி இல்லங்கள் அமைக்கலாம், அவற்றுக்கான தரத்தை மாநில அரசு வகுக்கலாம் என்று அதன் 19-வது பிரிவு சொல்கிறது. தனியார் பராமரிப்பு இல்லங்களையும் பதிவுக்கும் குறைந்தபட்சத் தரத்துக்கும் உட்படுத்தும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. நிறைவேறாமலே 2024-ல் அவையோடு காலாவதியானது. ஓய்வுக்கால குடியிருப்புகளுக்காக மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-ல் வெளியிட்டவை மாதிரி வழிகாட்டுதல்கள் மட்டுமே. இல்லம் இல்லமாக ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பொதுப் பட்டியல் நம் குடும்பங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

அது வரும்வரை அந்த மூன்று சாட்சிகளையும் நாமே தேடிப் போக வேண்டியதுதான்.

சேர்க்கும் முன் பார்க்க வேண்டியவை

டியூட்டி பட்டியல்: போன வாரத்துப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். இரவுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் தனியாக எண்ணுங்கள். அவர்களில் படித்துப் பதிவு பெற்ற நர்ஸ் யார், பயிற்சி இல்லாத உதவியாளர் யார் என்று பிரித்துக் கேளுங்கள். அம்மாவைக் கவனிக்கப் போகிறவர் அங்கே எத்தனை மாதமாக இருக்கிறார், போன வருடம் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்பதும் தெரிய வேண்டும்.

ஆஸ்பத்திரிக் கணக்கு: கடந்த ஆறு மாதத்தில் எத்தனை பேர் கீழே விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்? இங்கே வந்தபின் படுக்கைப் புண் வந்தவர்கள் எத்தனை பேர்? மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதுகிறார்களா? டாக்டர் எப்போதெல்லாம் வருகிறார்? தூக்கத்துக்கோ மனநலத்துக்கோ மாத்திரை தொடங்கினால் குடும்பத்திடம் கேட்டுவிட்டுத் தொடங்குவார்களா? ‘எங்களிடம் யாரும் விழுந்ததே இல்லை’ என்று சொல்லும் இல்லத்தைவிட, நடந்ததைச் சொல்லி அதன்பின் என்ன மாற்றினோம் என்று விளக்கும் இல்லம் நம்பத்தக்கது.

உங்கள் கண்: முதல் தடவை அவர்கள் சொன்ன நேரத்தில் போங்கள். அடுத்த தடவை சொல்லாமல், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். உள்ளே விட மறுத்தால் அதுவே பதில். அழைப்பு மணி அடித்தால் எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார்? தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா? நகம் வெட்டியிருக்கிறதா? மூத்திர வாடை ஒரு மூலையில் மட்டுமா, இல்லை எங்குமா? பட்டப்பகலில் எல்லோரும் தலை தொங்கி உறங்குகிறார்களா? ஊழியர்கள் முதியவர்களிடம் பேசுகிறார்களா, அவர்கள் தலைக்கு மேலே தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்களா?

ஒப்பந்தம்: பல இல்லங்கள் கேட்கும் முதல் கேள்வியே ‘நடப்பாரா?’ என்பதுதான். நடமாட்டம் நின்றுபோனால் வைத்துக்கொள்வார்களா, கட்டணம் எவ்வளவு கூடும், டெபாசிட்டில் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

சேர்த்த பிறகும் இந்தக் கடமை முடிவதில்லை. குடும்பத்திலிருந்து எவரேனும் நேரம் சொல்லாமல் அடிக்கடி வருவது முதியவருக்கு மருந்தைப் போல முக்கியம். வெளிநாட்டில் இருப்பவர்கள் வாராந்தர வீடியோ அழைப்போடு நிறுத்திக்கொள்ளாமல், உள்ளூரில் உறவினர் ஒருவரிடமாவது இந்தப் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். கொடுமையோ புறக்கணிப்போ தெரியவந்தால் மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம்.

கேட்க ஆளில்லாதவர்களுக்காக

மேலே சொன்ன அத்தனையும் படித்த, கேள்வி கேட்கத் துணிந்த, பணம் கட்ட முடிந்த பிள்ளைகள் உள்ள முதியவர்களுக்கே உதவும். இலவச இல்லத்தில், தேடி வர யாருமில்லாமல் இருப்பவர்களுக்காக டியூட்டி பட்டியலைக் கேட்கப் போவது யார்? பொது ஆய்வு என்பது முதலில் இவர்களுக்காகத்தான் வேண்டும். குறைந்த சம்பளத்தில் இரவெல்லாம் கண்விழித்து, பிறருடைய தாய் தகப்பனைத் துடைத்துவிடும் பெண்களுக்காகவும் வேண்டும். ஆள் கணக்கு சட்டமானால் அவர்கள் சுமையும் இறங்கும்.

தமிழ்நாடு அரசு தொடங்க வேண்டியவை சிலதான். இலவசமோ கட்டணமோ, எல்லா இல்லங்களையும் ஒரே பதிவேட்டில் கொண்டுவருவது. ஆண்டுக்கு ஒருமுறையாவது சொல்லாமல் போய் ஆய்வு செய்வது. அந்த அறிக்கையைத் தமிழில் இணையத்தில் வெளியிடுவது. மொத்த முதியவர்கள், பகல் டியூட்டியில் இருப்பவர்கள், இரவு டியூட்டியில் இருப்பவர்கள் என்ற மூன்று எண்களை வாசலில் எழுதிவைக்கச் செய்வது. பராமரிப்பு இல்லங்கள் தங்கள் தர மதிப்பீட்டைப் பார்வையில் படும்படி வைக்க வேண்டும் என்பது இங்கிலாந்தில் 2015 முதல் சட்டம்.

ஓட்டல் சமையலறைக்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரி வருகிறார். பள்ளி திறக்கும் முன்பு ஒவ்வோர் ஆண்டும் பள்ளி வாகனங்களை வரிசையாக நிறுத்தி ஆய்வு செய்கிறோம், தகுதியில்லாதவற்றைத் திருப்பி அனுப்புகிறோம், பத்திரிகையில் எழுதுகிறோம். குழந்தைகளுக்காக அதைச் செய்யத் தெரிந்த மாநிலத்துக்கு, எழுந்து வந்து புகார் சொல்ல முடியாத முதியவர்களுக்காகவும் செய்ய முடியும். அடுத்து வரும் சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே அதற்கான சட்டம் வர வேண்டும். நம் தொகுதி உறுப்பினரிடம் இந்தக் கோரிக்கையை நாம் ஒவ்வொருவரும் கொண்டுபோக வேண்டும்.